அணுபுரத்திலிருந்து உலோகம் தேடி

வீட்டில் சிறு லேத் வைத்துக் கடைசல் பழகுபவருக்கு இயந்திரம் ஒருமுறைச் செலவு. உலோகமோ ஒவ்வொரு வேலைக்கும் புதிதாக வேண்டும். சிறிய நீராவி எஞ்சினுக்கு ஒரு விரல் நீளப் பித்தளை, தொலைநோக்கியின் தாங்கிக்குக் கையளவு அலுமினியம், பழைய மோட்டாருக்கு மாற்றுத் தண்டு கடைய அரையடி எஃகு என்று தேவை எப்போதும் சிறிதாகவே இருக்கும். விற்பவர்கள் டன் கணக்கில் பேசுகிறவர்கள். ஆலையிலிருந்து கம்பி மூன்று மீட்டர் முதல் ஆறு மீட்டர் வரையான நீளத்தில் வந்து இறங்குகிறது; அதில் பத்து சென்டிமீட்டர் வெட்டிக் கொடுக்க மொத்தக் கடைக்காரருக்கு நேரமும் இல்லை, லாபமும் இல்லை. சில்லறையாகக் கேட்பவர் இந்தச் சந்தையில் எங்கே நுழைவது, எதைக் கேட்பது, எதைத் தொடாமல் வருவது என்பதை ஊர் ஊராகப் போய்த்தான் தெரிந்துகொள்ள முடிகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தில், கல்பாக்கத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடையில் இருக்கும் அணுபுரம் அந்தப் பயணத்தைத் தொடங்கப் பொருத்தமான இடம். அணுசக்தித் துறை ஊழியர்களுக்காக எழுந்த நகரியம் அது. உலோகம் அறிந்த பொறியாளர்களும், டர்னர், ஃபிட்டர், வெல்டர்களும் அண்டை வீட்டுக்காரர்களாக வாழும் ஊர்கள் தமிழகத்தில் அதிகம் இல்லை. 1971-ல் தொடங்கி, 1985 முதல் இந்திரா காந்தியின் பெயரைத் தாங்கி நிற்கும் அணு ஆராய்ச்சி மையம் பக்கத்திலேயே இருக்கிறது. கல்பாக்கத்தில் கட்டப்பட்ட 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையின் பிரதானக் கலன், 316 எல்.என். என்ற துருப்பிடிக்காத எஃகால் ஆனது; ஏறக்குறைய 13 மீட்டர் விட்டம்; 2009 டிசம்பரில் அது உலைக்குழிக்குள் இறக்கப்பட்டது. அத்தகைய வேலையில் ஒவ்வொரு தகட்டோடும் அது எந்த உருக்கில் வார்க்கப்பட்டது, என்னென்ன கலந்திருக்கிறது, எவ்வளவு இழுவிசை தாங்கும் என்று எழுதிய சான்றிதழ் கூடவே வரும். வளாகத்துக்குள் மிஞ்சும் துண்டு அரசுச் சொத்து. அது வீட்டு லேத்துக்கு வராது, வரவும் கூடாது. பகலில் சான்றிதழோடு உலோகம் பார்க்கும் கை, விடுமுறை நாளில் சான்றிதழே இல்லாத சந்தைக்குப் போகிறது.

அந்தச் சந்தையில் மலிவு என்பது கிலோ விலையால் மட்டும் தீர்வதில்லை. கையில் இருப்பது என்ன உலோகம் என்று எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. பெயர் தெரியாத ஓர் எஃகுத் துண்டு இரண்டு கார்பைடு முனைகளை உடைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் தின்றுவிட்டால், எடையில் மிச்சம் பிடித்த பணம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியதில்லை.

தேடல் திருக்கழுக்குன்றத்தில் தொடங்குகிறது. வேதகிரீசுவரர் மலையைச் சுற்றியுள்ள தெருக்களிலும், அங்கிருந்து 14 கிலோமீட்டரில் உள்ள செங்கல்பட்டிலும், கிரில் பட்டறைகளும் ஹார்டுவேர் கடைகளும் ஏராளம். ஆங்கிள், சேனல், பட்டை, சதுரக் கம்பி, உருண்டைக் கம்பி எல்லாம் இங்கே எம்.எஸ். என்று அழைக்கப்படும் மென்னெஃகு. கிரில் பட்டறையின் மூலையில் கிடக்கும் அரையடி, ஓரடித் துண்டுகளைப் பழைய இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தால் சந்தோஷமாக எடுத்துத் தருவார்கள். அடிப்பலகை, பிடிமானம், ஜிக் போன்றவற்றுக்கு அது போதும். லேத்தில் நேர்த்தியான முகம் வேண்டும் என்றால் போதாது. சூடாக உருட்டிய மென்னெஃகு வெட்டும் முனையில் ஒட்டிக்கொண்டு கிழிந்து வரும். எவ்வளவு கூரான டூல் போட்டாலும் முகம் சொரசொரப்பாகவே நிற்கும். கட்டுமானத்துக்கு விற்கும் டி.எம்.டி. கம்பியைக் கடைசலுக்கு வாங்குவது வீண். உருட்டிய சூட்டோடு தண்ணீர் பாய்ச்சி மேற்தோலைக் கடினமாக்கி, உள்ளே மென்மையாக விட்டிருப்பார்கள். ஒரே கம்பியில் இரண்டு எஃகுகள். மேலே வரிப் புடைப்பு வேறு. அலுமினிய ஜன்னல் பட்டறைகளில் கிடைக்கும் வெட்டுத் துண்டுகள் பெரும்பாலும் 6063 ரகம், சுவர் மெலிந்தவை, பெட்டி, மூடி, சட்டம் செய்ய உதவும்.

செங்கல்பட்டைச் சுற்றிலும், ஜி.எஸ்.டி. சாலை நெடுகவும் காயலாங்கடைகள் உண்டு. கைவேலைக்காரரின் மனம் முதலில் ஓடுவது அங்கேதான். எல்லாம் எடைக்கு, எல்லாம் மலிவு. எதுவும் தன் பெயரைச் சொல்லாது என்பதுதான் தொல்லை. ஆனால் ஒரு வழி இருக்கிறது. ஒரு பாகம் முன்பு என்ன வேலை செய்தது என்று தெரிந்தால், அது என்ன உலோகம் என்பதைப் பெருமளவு கணிக்கலாம். பிரேக் டிரம், பிரேக் டிஸ்க், ஃப்ளைவீல் மூன்றும் பெரும்பாலும் சாம்பல் வார்ப்பிரும்பு. சூட்டையும் தேய்மானத்தையும் அதிர்வையும் தாங்கும் குணத்துக்காகவே அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். லாரியைத் தாங்கும் பட்டைகள் பெரும்பாலும் சிலிக்கான் கலந்த ஸ்பிரிங் எஃகு. பேரிங் வளையம் ஒரு சதவீதம் கார்பனும் ஒன்றரை சதவீதம் குரோமியமும் கொண்ட இ.என். 31 வகை. அலுமினியத்தில், பிஸ்டன் என்றால் சிலிக்கான் மிகுந்த வார்ப்புக் கலவை. வெட்டும் முனையைச் சீக்கிரம் மழுக்கும். பழைய தண்ணீர்க் குழாயின் கனத்த வால்வு கன்மெட்டலாகவோ பித்தளையாகவோ இருக்கும். புஷ் கடைய அதைவிட மலிவான மூலப்பொருள் இல்லை.

காயலாங்கடையில் மெய்யாகவே வாங்கத் தகுந்தது வார்ப்பிரும்பு. புதிதாக வாங்கப் போனால் சிறு அளவில் கிடைப்பது அரிது. கோயம்புத்தூர் வார்ப்படச் சாலைகள் ஒரே ஒரு வட்டுக்காக அச்சு போட மாட்டா. கடையின் குவியலில் தையல் இயந்திரத்தின் உடல், மோட்டார் மூடி, உடற்பயிற்சி எடைத்தட்டு, மளிகைக் கடையின் பழைய எடைக்கல் எல்லாம் கலந்து கிடக்கும். எடைக்கல்லைத் திருப்பிப் பார்த்தால் குழியில் ஈயம் ஊற்றி அதன்மேல் முத்திரை குத்தியிருப்பது தெரியும். அந்த ஈயத்தை முதலில் தோண்டி எடுத்துத் தனியாக வைத்துவிட்டுத்தான் கல்லைச் சக்கில் பிடிக்க வேண்டும். வார்ப்பிரும்பின் மேற்தோலில் மணல் ஒட்டியிருக்கும், கடினமாகவும் இருக்கும். மேலோட்டமாகச் சுரண்டினால் டூல் தேயும். முதல் வெட்டையே தோலுக்கு அடியில் ஆழமாகக் கொடுத்தால், உள்ளே கரியுதிர்வது போலக் கறுப்புத் தூளாக, எண்ணெய் கேட்காமல் கடைபடும். 100 மில்லிமீட்டர் விட்டமும் 25 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு வட்டு ஏறக்குறைய 1.4 கிலோ. சிறு எஞ்சினுக்கு அதைவிட நல்ல ஃப்ளைவீல் கிடைக்காது.

சந்தேகமான எஃகைச் சாணையில் காட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். இன்றும் நம்பத் தகுந்தது. நிழலான இடத்தில், சுழலும் கல்லின்மேல் துண்டை மெதுவாக வைக்க வேண்டும். மென்னெஃகு நீண்ட வெளிர்மஞ்சள் கோடுகளாகப் பொறி விடும். கோடுகளில் வெடிப்பு குறைவு. கார்பன் ஏற ஏறக் கோட்டின் நுனியில் சின்னச் சின்ன நட்சத்திரங்களாக வெடிப்பு பெருகும். அரத்தின் எஃகும் பேரிங் வளையமும் கல்லுக்கு அருகிலேயே பொரிந்து தள்ளும். துருப்பிடிக்காத எஃகின் பொறி குட்டையாகவும் ஆரஞ்சு நிறமாகவும் இருக்கும். நட்சத்திரம் அநேகமாக இராது. வார்ப்பிரும்பின் பொறி கல்லிலிருந்து கிளம்பும்போது மங்கிய சிவப்பு. தெரிந்த உலோகத் துண்டுகள் நாலைந்தைப் பெயர் எழுதிக் கம்பியில் கோத்து வைத்துக்கொண்டு, சந்தேகத் துண்டின் பொறியை அவற்றோடு ஒப்பிட்டால் கணிப்பு பிசகாது. அரம் போட்டுப் பார்ப்பது இன்னும் எளிது: அரம் வழுக்கினால் அது கடினமாக்கிய எஃகு, அப்படியே லேத்தில் ஏற்றக் கூடாது.

காயலாங்கடையில் ஆபத்தும் இருக்கிறது. ஷாக் அப்சார்பரின் உள்தண்டு குரோமியம் பூசி மெருகேறிய அழகான கம்பி; ஆனால் வாயு அடைத்த ஷாக்கை வெட்டினால் வெடிக்கும். ஏற்கெனவே பிரித்து எடுத்த தண்டை மட்டுமே வாங்க வேண்டும். துத்தநாகம் பூசிய குழாயைச் சூடாக்கினால் எழும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும். மக்னீசியச் சுருள் தீப்பிடித்தால் தண்ணீருக்கு அடங்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய எச்சரிக்கை 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் நடந்தது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை 1968-ல் வாங்கி, நெடுங்காலம் பயன்படுத்தாமல் வைத்திருந்த ஒரு காமாக் கதிர்வீச்சுக் கருவி ஏலத்தில் பழைய இரும்பாகப் போயிற்று. அதைப் பிரித்தபோது உள்ளிருந்த கோபால்ட்-60 வெளிப்பட்டது. ஒருவர் இறந்தார், மேலும் சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். அணுபுரத்தில் இருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்வது: கதிர்வீச்சைக் காட்டும் மூவிலைக் குறி உள்ள எதையும், ஆஸ்பத்திரி அல்லது ஆய்வகக் கருவியின் ஈயம் சூழ்ந்த கனமான உருளையையும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாமல் விலகி, உடனே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

செங்கல்பட்டிலிருந்து கடற்கரை நிலையம் வரை புறநகர் மின்ரயில் ஓடுகிறது. ஏறக்குறைய 60 கிலோமீட்டர். உலோகம் தேடுபவருக்கு அந்தப் பாதையே ஒரு வரைபடம். பரனூர், சிங்கப்பெருமாள் கோவில், மறைமலைநகர் வரை கார்த் தொழிலைச் சார்ந்த ஆலைகள். கிண்டியில் இறங்கினால் 1958-ல் தொடங்கிய தொழிற்பேட்டை. எழும்பூரில் இறங்கினால் புதுப்பேட்டை நடக்கும் தூரம். கடற்கரையில் இறங்கினால் ஜார்ஜ் டவுன். சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் வழித்தடத்தில் பட்டரவாக்கம் போனால் 1964-ல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை.

புதுப்பேட்டை பழைய வண்டிகளைப் பிரிப்பதற்குப் பேர்போனது. கூவம் கரையை ஒட்டிய அந்தத் தெருக்களில் எஞ்சின், கியர்பாக்ஸ், கதவு, இருக்கை என்று ஒரு வண்டி எத்தனை துண்டாகுமோ அத்தனை துண்டும் தனித்தனிக் கடையாக உட்கார்ந்திருக்கும். கைவேலைக்காரருக்கு இங்கே உள்ள நன்மை, பாகம் எந்த வண்டியினுடையது என்று கடைக்காரருக்கே தெரியும் என்பது. செங்கல்பட்டுக் குவியலில் பெயரற்றுக் கிடக்கும் தண்டு இங்கே இன்ன மாடல் லாரியின் ஆக்ஸில் என்று அடையாளத்தோடு இருக்கும். பாகமாக ஓடக்கூடியதற்கு இங்கே பாகத்தின் விலைதான், இரும்பின் விலை கிடையாது. உடைந்தது, பல் போனது, நெளிந்தது என்று கேட்டால் மட்டும் எடைக்குக் கிடைக்கும். ஆக்ஸில் தண்டின் மேற்தோல் மின்தூண்டலால் கடினமாக்கப்பட்டிருக்கும். அதைச் சாணையில் உரித்த பிறகே டூல் ஏறும். ஸ்பிரிங் பட்டைகளில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஒளிந்திருக்கலாம். சுத்தியலால் தட்டினால் மணி போல ஒலிக்காத பட்டையை விட்டுவிடுவது நல்லது. புதுப்பேட்டை பார்க்க வேண்டிய இடம். வழக்கமாக உலோகம் வாங்கும் இடமாக அதைக் கொள்வது சரிவராது.

ஜார்ஜ் டவுனில் செம்புதாஸ் தெருவும் அதைச் சுற்றியுள்ள தெருக்களும் இரும்பு, குழாய், துருப்பிடிக்காத எஃகு வியாபாரத்துக்குப் பழையவை. லிங்கிச் செட்டி தெருவில் டூல், டிரில், சக், அளவுகோல் கடைகள். பித்தளை, செம்பு, அலுமினியக் கடைகள் மேற்கே பார்க் டவுன் பக்கம் வரை விரிந்துள்ளன. கனரக இரும்பு வியாபாரத்தை இந்த நெருக்கடியிலிருந்து வெளியே நகர்த்துவதற்காகச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மணலி அருகே சாத்தங்காட்டில் இரும்பு எஃகு அங்காடியை உருவாக்கியது. சாத்தங்காடு லாரியோடு போகிறவர்களுக்கானது. பையோடு போகிறவருக்கு இன்னும் ஜார்ஜ் டவுன்தான். இங்கே புதுச் சரக்கு, பெயரோடு. கடைக்குக் கடை கேட்டால் ஒரு மீட்டர், அரை மீட்டர் வெட்டித் தருபவர் நிச்சயம் அகப்படுவார். வெட்டுக் கூலி தனி. பில்லோடு வாங்கினால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். கூட்டம் வருவதற்கு முன், காலையில் கடை திறந்த கையோடு போனால் சில்லறைக்காரருக்கும் காது கொடுப்பார்கள்.

துருப்பிடிக்காத எஃகு வாங்கும்போது ஏமாற வாய்ப்பு அதிகம். காந்தம் ஒட்டவில்லை என்பதைக் காட்டி 304 என்று சொல்வது வழக்கம். 304-ல் பதினெட்டு சதவீதம் குரோமியமும் எட்டு சதவீதம் நிக்கலும் இருக்கும். 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். இரண்டிலும் காந்தம் ஒட்டாது. 202 விலை குறைவு, துரு எதிர்ப்பும் குறைவு. கல்பாக்கம் கடற்காற்றில் அந்த வித்தியாசம் சீக்கிரம் பழுப்புப் புள்ளிகளாகத் தெரிந்துவிடும். இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனைத் திரவம் நல்ல கடைகளில் இருக்கும். சொட்டு விட்டுக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. தொடக்கக்காரர் லேத்தில் 304-ஐத் தவிர்ப்பதே நல்லது. டூல் வெட்டாமல் உரசினால் அந்த இடம் அப்போதே இறுகிவிடும். பிறகு எதுவும் உள்ளே இறங்காது.

இந்தப் பாதை முழுவதிலும் கைவேலைக்காரருக்கு மிகவும் பயன்படும் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டுமானால் அது அம்பத்தூர்தான். திருமுடிவாக்கம், மறைமலைநகர் சிட்கோ பேட்டைகளிலும் இதே வசதி உண்டு. ஜாப் ஒர்க் செய்யும் சி.என்.சி. பட்டறைகளில் கம்பியை ஒரு முனையில் செலுத்திப் பாகம் பாகமாகக் கடைந்து தள்ளுவார்கள். கம்பி தீரும் தறுவாயில் கடைசி நீளத்தைச் சக் பிடிக்க முடியாது. ஒரு சாண், அரைச் சாண் அளவில் அது மிஞ்சும். பட்டறைக்கு அது கழிவு. அன்றாடம் டிரம்மில் சேர்ந்து, மாதக் கடைசியில் பழைய இரும்புக்காரர் லாரியில் ஏறிவிடும். வீட்டு லேத்துக்கோ அது முழுச் சரக்கு. எந்தக் கம்பியில் மிஞ்சியது, என்ன ரகம் என்பது அந்தப் பட்டறை சூப்பர்வைசருக்குத் தெரியும். சான்றிதழின் நிழலாவது அந்தத் துண்டின்மேல் இருக்கிறது.

“அண்ணே, அம்பது எம்.எம். இ.என். எட்டு, எண்டு பிட்டு ஏதாவது இருக்குங்களா?” என்று கேட்டால், “எவ்ளோ நீளம் சார் வேணும்? அந்த டிரம்மைப் பாருங்க, போன வாரம் ஓடின ஜாப்ல மிஞ்சினது” என்பது வழக்கமாக வரும் பதில். பழைய இரும்பு விலைக்கும் புதுக் கம்பி விலைக்கும் நடுவில் ஒரு தொகையில் பேச்சு முடியும். நீளமான துண்டை இரண்டாக்கித் தரச் சொன்னால் பவர் ஹாக்ஸாவில் வைப்பார்கள். ரம்பம் முன்னும் பின்னும் நிதானமாக நகரும். வெட்டும் வீச்சில் அழுந்தி, திரும்பும் வீச்சில் மெல்ல எழும்பும். பால் நிறக் கூலண்ட் கம்பியின் இருபுறமும் வழிந்து தட்டில் சேரும். அம்பது மில்லிமீட்டர் எஃகு அறுபடும் வரை நின்றுதான் ஆக வேண்டும். அறுபட்ட முகம் கொஞ்சம் சாய்வாகவே இருக்கும். வேண்டிய நீளத்தைவிட நான்கைந்து மில்லிமீட்டர் கூட்டிக் கேட்காதவர் லேத்தில் முகம் சீவும்போது குறைவாக நிற்பார்.

இந்தப் பட்டறைகளில் ரகங்களைக் குறிக்கும் இ.என். எண்கள் 1941-ல், போர்க்காலப் பிரிட்டன் வகுத்த பட்டியலிலிருந்து வந்தவை. பிரிட்டனே பின்னாளில் அவற்றைக் கைவிட்டு வேறு எண்முறைக்குப் போய்விட்டது. அம்பத்தூரிலும் கோவையிலும் இன்றும் அவைதான் வழக்கு. வீட்டு லேத்துக்கு நாலைந்தை அறிந்தால் போதும். இ.என். 1ஏ கந்தகமும் சில வகைகளில் ஈயமும் கலந்த, வெண்ணெயாகக் கடைபடும் எஃகு. திருகு, குமிழ், சிறு பாகங்களுக்கு இதையே முதலில் தேட வேண்டும். இதை வெல்டு செய்யக் கூடாது. இ.என். 8, சுமார் 0.4 சதவீதம் கார்பன். தண்டு, கிராங்க், பல்சக்கரம் என்று எல்லாவற்றுக்கும் உழைக்கும். இ.என். 24 நிக்கல், குரோமியம், மாலிப்டினம் சேர்ந்தது. உறுதி அதிகம், சிறு லேத்துக்குச் சிரமமும் அதிகம். இ.என். 31 கடினமாக்கித் தேய்மானத்துக்குப் பயன்படுத்துவது. அலுமினியத்தில் 6061, 6082, 6351 மூன்றும் கடைசலுக்கு இனியவை. கழிவுத் துண்டு வாங்குபவர் இ.என். 24-ஐ இ.என். 8 என்று நினைத்து எடுத்துவருவதுதான் அடிக்கடி நடக்கும் குழப்பம். கம்பி முனையில் பூசிய நிறத்தை மட்டும் நம்புவதே அதற்குக் காரணம். நிறக்குறி கடைக்குக் கடை மாறும். வாயால் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

வாங்கியதைச் சுமப்பதும் கணக்கில் சேரும். கட்டட மேஸ்திரிகள் எல்லோருக்கும் தெரிந்த வாய்ப்பாடு இங்கேயும் உதவும்: எஃகுக் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 25 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 3.86 கிலோ, 50 மில்லிமீட்டர் 15.4 கிலோ. விட்டம் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்கு என்பதைத் தெரு முனையில் பையைத் தூக்கும்போதுதான் பலர் உணர்கிறார்கள். பித்தளைக்கு 150-ஆலும் அலுமினியத்துக்கு 471-ஆலும் வகுக்க வேண்டும். கடையில் தராசு ஏறும் முன்பே மனத்துக்குள் எடை தெரிந்திருந்தால் பேரத்தில் தடுமாற்றம் இல்லை. கெட்டி எஃகு என்று சொல்லி விற்கும் குழாயும், பித்தளை என்று சொல்லி விற்கும் பித்தளை முலாம் பூசிய இரும்பும் இந்தக் கணக்கில் அகப்பட்டுக்கொள்ளும்.

திரும்பும் வழி கிழக்குக் கடற்கரைச் சாலையாக இருந்தால் மாமல்லபுரம் குறுக்கிடுகிறது. 1957-ல் தொடங்கிய அரசுக் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கும் ஊர். சாலையோரம் நெடுகச் சிற்பப் பட்டறைகள். கருங்கல்லைக் கொத்தும் உளி மழுங்கும். மழுங்கிய உளியை உலையில் காய்ச்சி, அடித்து, மீண்டும் கடினமேற்ற வேண்டும். கார்பைடு முனை உளியும் மின் ரம்பமும் வந்த பிறகும் அந்த வேலை அறிந்த கொல்லர்கள் இருக்கிறார்கள். லாரிப் பட்டையும் பேரிங் வளையமும் வாங்கி வந்தவருக்கு அவர்களிடம் வேலை இருக்கிறது. கடினமான எஃகைக் கடையத் தகுந்ததாக்க, காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள்ளோ சுண்ணாம்புத் தூளுக்குள்ளோ புதைத்து ஓர் இரவு ஆறவிட வேண்டும். எஃகு 770 டிகிரி செல்சியஸ் அளவில் காந்த குணத்தை இழக்கிறது. நூலில் கட்டிய ஒரு காந்தத்தை அருகில் காட்டினாலே வெப்பமானி வேண்டாம். கடைந்து முடித்த பாகத்தை மறுபடி சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, பின்பு மெருகிட்ட முகத்தில் வைக்கோல் மஞ்சள் படரும் வரை இளஞ்சூடு காட்டினால் வெட்டும் கருவிக்கு ஏற்ற பதம். நீலம் படரும் வரை போனால் ஸ்பிரிங்குக்கு ஏற்ற பதம். ஆய்வகத்தில் மின் உலையில் செய்வதைக் கொல்லர் நிறம் பார்த்துச் செய்கிறார், செய்முறை ஒன்றே.

கடலோரத்தில் உலோகம் வாங்குவதைவிடக் காப்பது கடினம். அணுபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் உப்புக் காற்று வருகிறது. மினுமினுப்பான பிரைட் பார் ஒரு மழைக்காலத்தில் செம்புள்ளி கண்டுவிடும். வாங்கி வந்த அன்றே துடைத்து, எண்ணெயோ கிரீஸோ தடவி, பழைய செய்தித்தாளில் சுற்றி, தரையில் படாமல் படுக்கவைக்க வேண்டும். பித்தளைச் சீவலையும் செம்புச் சீவலையும் இரும்போடு கலக்காமல் தனித்தனி டப்பாவில் சேர்த்தால், அவற்றைத் திரும்ப விற்கும் பணத்தில் அடுத்த துண்டின் ஒரு பங்கு கிடைக்கும்.

ரகத்தின் பெயரை வாங்கிய கடையிலேயே, பில் கையில் வாங்கும்போதே, மறக்கும் முன் கம்பியின் முனையில் குத்தெழுத்தாகவோ பெயிண்டாகவோ எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் எழுதாத முனையிலிருந்து வெட்ட வேண்டும். எழுதிய முனை கடைசித் துண்டாக மிஞ்சட்டும். புதிதாகத் தொடங்குகிறவர் காயலாங்கடையை ஓராண்டு தள்ளி வைத்து, அம்பத்தூர்த் துண்டுகளில் இ.என். 1ஏ, இ.என். 8, 6061 அலுமினியம், கடைசல் பித்தளை நான்கையும் பத்துப் பத்துக் கிலோவுக்கு மிகாமல் சேர்த்துக்கொண்டால், வீட்டு லேத்தின் பெரும்பாலான வேலைகளுக்கு அது போதும்.